வெள்ளைக் கால் எருமை

மே 18, ஞாயிறு
கரடியூர் வளைவில் கேமராவும் சைரனும் மாட்டியாயிற்று. காட்டெருமை சாலைக்கு வந்தால் மட்டும் கத்த வேண்டும். மனிதருக்கும் காருக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். போன வருடம் இங்கேதான் ஒரு காட்டெருமை அப்பாவை முட்டித் தள்ளியது. கால் தேறிவிட்டது, மனசு தேறவில்லை. காப்பித் தோட்டத்துக்கு அம்மா துணையில்லாமல் போவதே இல்லை.

மே 23, வெள்ளி
எதைப் பார்த்து எருமை என்று முடிவு செய்வது? நிறம், உயரம், உடம்பின் கோடு, நடை, வேகம் என்று ஒரு மூட்டை அடையாளங்களைக் கொடுத்திருந்தேன். அத்தனையும் வைத்தால் கேமராவோடு இருக்கும் சின்னக் கணினி திணறுகிறது. அது யோசித்து முடிப்பதற்குள் எருமை அடிவாரமே போய்விடும். ஒவ்வொன்றாகக் கழித்தேன். நின்றது இரண்டு: கறுத்த பெரிய உடம்பு, கீழே வெள்ளைக் கால். சாக்ஸ் போட்ட மிருகம் இந்த மலையில் வேறு எது? இந்த மாதம் பிடித்த வீடியோ முழுவதிலும் ஒரு தப்பும் இல்லை. நான் கெட்டிக்காரிதான்.

ஜூன் 3, செவ்வாய்
நேற்றுப் பள்ளி திறந்தது. இன்று காலை பனியும் தூறலும். பிள்ளைகள் நாலு பேர் ஒரே கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு வந்திருக்கிறார்கள். கீழே வெள்ளை சாக்ஸ். சைரன் அலறிவிட்டது. மிரண்டு ஓடியதில் வார்டு மெம்பர் மரியதாஸ் அண்ணனின் மகள் ஆஷ்லினுக்கு முழங்காலில் சிராய்ப்பு.

“ஏனுங்க அம்மிணி, எம்புள்ள உங்க பொட்டிக்கு எருமையாட்டந் தெரியுதா? இன்னொருக்கா இப்படிக் கத்துச்சுன்னா கழட்டிப் போட்டுருவேனுங்க.”

நான் படம் பிடித்ததே கோடை விடுமுறையில். ஒரு பள்ளிப் பிள்ளையாவது அதில் உண்டா? அதே நிறுத்தத்தில் வெள்ளை சாக்ஸோடு நின்று படித்தவள்தானே நான் — எப்படி மறந்தேன்?

அப்பா சொன்னார், “போச்சாது உடு கண்ணு. நான் உங்கம்மா கூடவே போயிக்கறேன்.” அதுதான் சுட்டது.

ஜூன் 4, புதன்
சைரனை நானே அணைத்து வைத்தேன். கழற்ற விடமாட்டேன்.

ஜூன் 7, சனி
வெள்ளைக் காலைத் தூக்கியாயிற்று. அழகான அடையாளம், வருத்தம்தான். பிள்ளைகளை அதே ஷீட்டோடு நடக்கவிட்டுப் படம் பிடித்தேன். பனியில் நிறத்தை நம்பக்கூடாது. முதுகு மேட்டின் கோடும், கால்கள் மாறி மாறி விழும் ஒழுங்கும் பனியிலும் அப்படியே இருக்கின்றன. எட்டுக் கால் எவ்வளவு சேர்ந்து நடந்தாலும் நாலு கால் ஆகாது. சைரனை மறுபடி போட்டுவிட்டேன். இந்த முறை சரியாக வரும்.

ஜூன் 19, வியாழன்
பிள்ளைகள் வேண்டுமென்றே ஷீட்டுக்குள் குனிந்து, எருமை மாதிரிக் கத்திக்கொண்டு கேமரா முன்னால் நடக்கிறார்கள். “கத்தவே மாட்டீங்குதுக்கா” என்று ஆஷ்லின் புகார் வேறு. பெருமையாக இருந்தது.

ஜூன் 26, வியாழன்
மரியதாஸ் அண்ணன் போன். “கத்துச்சுங்க அம்மிணி. புள்ளைங்கள நெழற்கொடைக்குள்ளயே நிறுத்தி வெச்சுட்டேன். நெசமான எருமைங்க. நொம்பப் பெருசு.” அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு
நல்ல பனி. தோட்டத்து மிளகுக் கொடியை இழுத்துக் கட்ட வேண்டும் என்று அப்பா கிளம்பினார். அம்மா வழக்கம்போலச் செருப்பை மாட்டினாள்.

“நீ ஊட்லயே இரு” என்றார்.