அகராதியும் ஒரு வாளித் தண்ணீரும்

அன்புள்ள மருமகளுக்கு,

ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றை, நம் ஸ்லோவாக்கியாவின் ஓரவா மலைகள் சாட்சியாகச் சொல்கிறேன். உனக்கு விடுப்பு கிடைக்காமல் உன் காதலன் மட்டும் லண்டனிலிருந்து ஈஸ்டருக்கு வந்தானே, அவனுக்கு மொழிபெயர்ப்பாளன் நான்தான்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் திறந்தால் நாற்பது அர்த்தம் ஓடி வருகிறது. அவன் ‘ஸ்பிரிங்’ என்றான். நம் ஸ்லோவாக்கில் வசந்தத்துக்கு ஒரு சொல், ஊற்றுக்கு ஒன்று, கம்பிச்சுருளுக்கு இன்னொன்று. அகராதியில் நான் தேடி முடிப்பதற்குள் உன் அம்மாவின் முட்டைக்கோஸ் சூப் உறைந்து, அதன்மேல் வாத்துகள் சறுக்கி விளையாடின.

“என்னடா சொல்றான்?”

“நம்ம ஊர் வசந்தம் அழகாம், அக்கா.”

“இதுக்கா இவ்ளோ நேரம்? பேச்சே புரியாதவனுக்கு என் பொண்ணக் குடுக்க மாட்டேன்!”

ஈஸ்டர் திங்கட்கிழமை ஊர் ஆண்களெல்லாம் வழக்கம்போலப் பெண்கள்மேல் தண்ணீர் ஊற்ற, அவன் மட்டும் கைகட்டி நின்றான். அவன் கையால் நனையாத அக்காவுக்கு முகம் கறுத்தது.

“கிழவின்னு ஒதுக்கிட்டானா?”

ஊற்றாவிட்டால்தான் அவமானம் என்று அவன் காதில் ஓதினேன். வாளியோடு சமையலறைக்குள் போனவன் ஒரு யுகம் கழித்து வந்து, டான்யூப் நதியையே அவள் தலையில் கவிழ்த்தான்.

அக்கா அலறவில்லை. ஈரக் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள்.

“டேய், தண்ணிய சுட வெச்சு ஊத்தியிருக்கான்டா! நம்ம அப்பாவுல இருந்து என் புருஷன்வரைக்கும் ஒருத்தனுக்காவது தோணிச்சா?”

செப்டம்பரில் கல்யாணம். உடனே கிளம்பி வா.

மற்றதை நீ நம்ப வேண்டாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது மட்டும் சத்தியமான உண்மை.

இப்படிக்கு,
சகல மொழிகளின் சக்கரவர்த்தி,
உன் தாய்மாமன்