எழும்பாத செல்கள்

மார்ச், ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். பலாக்கொட்டைப் பொடியிலிருந்து புரதம் பிரித்தாயிற்று. ரத்த வெள்ளைச் செல்லின் மேல் இருக்கும் புரதங்களில் சர்க்கரைக் கிளைகள் உண்டு. பலாக்கொட்டைப் புரதம் அவற்றைப் பிடித்து உலுக்கினால் செல் எழும்பிப் பெருகும். பெருகினால் என் பி.எச்.டி. அவ்வளவுதான். பிரிப்பதற்காகச் சேர்த்த சர்க்கரையை இனி வெளியேற்ற வேண்டும். சர்க்கரை மட்டும் கசிந்து வெளியேறும் பையில் கட்டி, குளிர் அறையில், தண்ணீரில். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சோப்பு, குடை ரிப்பேர், அம்மாவுக்கு போன்.

திங்கள்

ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கல, ஊர்ப் பெண்களெல்லாம் தெருவிலேயே பொங்கல் வைத்து வேண்டிக்கொள்ளும் நாள். பழவங்காடி வரை ரோடெல்லாம் அடுப்பு. பஸ் இல்லை. ஹாஸ்டல் வாசலில் லேப் தோழி ஷீஜாவும் நானும் செங்கல் அடுக்கிப் பானை வைத்தோம். ஒரே புகை.

"சேச்சி என்னத்துக்கு வேண்டிக்கிட்டது? கல்யாணத்துக்கா?"

செல்லுக்கு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். உண்மையைத்தான் சொன்னேன்.

செவ்வாய்

ஷீஜா என் கையில் ரத்தம் எடுத்தாள். ஊசி குத்திய இடம் நீலம். செல்களைப் பிரித்து, பையிலிருந்த புரதத்தை விட்டாயிற்று.

வெள்ளி

ஒன்றுகூட எழும்பவில்லை. தனித்தனி உருண்டையாகக் கிடக்கின்றன. கைடு சார் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. இது நடக்காது கேட்டோ. இன்னும் ஒரு தடவை. இல்லேன்னா டாபிக் மாத்தணும்."

மத்தியானம் சாப்பிடவில்லை. ஆற்றுகால் அம்மன் மேலும் கோபம்.

சனி

லேசான மழை. கேன்டீனில் ஷீஜா:

"பொங்கலக்கு லேபில் ஆரும் இல்லல்லோ. வெள்ளம் ஆரு மாத்தினது சேச்சி?"

பை கிடந்த தண்ணீரை யாரும் மாற்றவில்லை. டீ ஆறிப்போனது. சர்க்கரை பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. புரதத்தின் கை நிறைய அந்தச் சர்க்கரை இருந்தால் செல்லை எப்படிப் பிடிக்கும்? செல்லுக்காகப் பொங்கல வைக்கப் போய் அதைத் தூங்க வைத்திருக்கிறேன். மடச்சி.

மீதிப் புரதம் மறுபடி தண்ணீரில். ஞாயிறும் லேபில்தான்.

செவ்வாய்

மறுபடி என் ரத்தம், இந்த முறை இடது கை. இரண்டு தட்டு. ஒன்றில் சுத்தமான புரதம். இன்னொன்றில் வேண்டுமென்றே சர்க்கரை கலந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

வெள்ளி

சர்க்கரை கலந்த தட்டில் தூக்கம். மற்றதில் செல்கள் பருத்து, கொத்துக் கொத்தாக. சாரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி பார்த்தார்.

"டாபிக் இருக்கட்டும்" என்றார்.

பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.