வெட்டிய சவுக்கு வேலி

மார்கழி 9, புதன்.

விடியுமுன் நைனா கடலுக்குப் போனதும் ஆள்வைத்து, வீட்டுக்குப் பின்னால் வேலியாக நட்டு மரமாகிவிட்ட சவுக்கு முழுவதையும் வெட்டிவிட்டேன். கிளைகள் கரண்ட் கம்பியில் உரசின. எலக்ட்ரிக்கல் படித்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பொன்னேரி விறகுக் கடைக்காகக் கட்டைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றியும் ஆயிற்று.

அப்போதுதான் கரையில் கத்தல் கேட்டது. முகத்துவாரத்து மணல்திட்டில் மோதி நைனாவின் போட் கவிழ்ந்திருந்தது. நைனா நீந்தி வந்துவிட்டார். கூடப் போன சித்தப்பாவுக்கு மண்டையில் அடி. கட்டைகளைத் தெருவில் தள்ளிவிட்டு அவரை அதே வண்டியில் படுக்கவைத்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நைனா சொன்னார்: "நம்ம சவுக்கும் மாதா கோயிலும் ஒரே நேரா வந்தாதாண்டா போட்ட உள்ள திருப்புவோம். இன்னிக்கு சவுக்கையே காணோம். வேற ஊருன்னு நெனச்சு வடக்கால போய்ட்டோம்."

"போன்ல மேப் இருக்கே நைனா!" அப்போதும் என் வாய் அப்படித்தான் பேசியது.

"மேப்புல மணல்திட்டு தெரியுமாடா?"

இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சித்தப்பா இன்னும் கண் திறக்கவில்லை. சித்தி என்னைத் திட்டக்கூட இல்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டு ஏழுமலை மாமா வாசலில் நின்றார். விடிகாலையில் அவர் கடலுக்குப் போகவேண்டும்.

"இன்னா இன்ஜினியரே, நாளைக்கு எத்தப் பாத்து நாங்க கரைக்கு வர்றது?"

கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். பிறகு பதிலுக்காக உண்மையாகவே காத்து நின்றார்.