உன் அண்ணன் கொடுத்த உலக்கையடி

காஞ்சிபுரம், 1968

கனகமாலா, நீயும் பிள்ளைகளும் சுகமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சோறு திருடி அடி வாங்கினேன்.

லீவு நாளில் திருப்பருத்திக்குன்றத்தில் உன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது சாய்ந்தபின் நம் சமணர் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லையே. பசி பொறுக்காமல் இருட்டு அடுப்படியில் பானையைத் துழாவினேன். எறும்புக்கும் வழிவிடுகிற மனிதர், திருடனென்று உலக்கையால் விளாசிவிட்டார். இடது கை முறிந்தது. இரண்டு பற்கள் ரத்தத்தோடு விழுந்தன.

“ஐயோ மாப்பிள்ளே, நீங்களா! கொரல் குடுக்கக் கூடாதா?”

“வாய் நெறைய சோறு மச்சான்.”

வைத்தியச் செலவுக்கென்று உன் கம்மலை அடகு வைக்காதே. “நான்தானே அடிச்சேன், நானே குடுக்கறேன்” என்று அவரே கொடுத்துவிட்டார். அவரிடம் சண்டைக்குப் போகாதே. பருப்புப்பொடி அனுப்பு, தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை வண்டியில் ஏற்றும்போது உன் அண்ணனுக்குக் கை நழுவியது. வலது காலிலும் மாவுக்கட்டு. அதற்கும் அவரே கொடுத்தார்.

அவசரமாக,
அப்பாண்டை