கல்லின் உள்முகம்

அஜின்கோர்ட்,
கனடா, 6 ஒக்டோபர் 2024

அன்பின் றிச்சர்ட்,

சூசைதாசன் எழுதுகிறேன். என் கையாலேயே. எழுபத்தாறு வயதில் எழுதப் படித்தேன். இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் சிரிப்பு வருகிறது.

இங்கே பிறீமேசன் என்ற இரகசியச் சங்கத்தின் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறேன். நம்மைப்போல அவர்களும் மேசன்மாராம், ஒருவரும் சாந்து பூசும் சாந்தகப்பை தொட்டதில்லை. அங்கே தூசு தட்டும்போது 1871இல் வந்த ஒரு புத்தகம் விரிந்தது. அதில் நீ கல்லில் கீறும் உன் குறி: முக்கோணம், நடுவே புள்ளி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனேன்.

மகள் நிரூபா வாசித்துச் சொன்னாள். எழுதியவர் ஒரு வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர். எங்கள் ஊர் அந்தோனியார் கோயில் கட்டும்போது வந்து, கற்களின் உள்முகத்தில் இருந்த குறிகளை வரைந்தாராம். இது எகிப்தின் இரகசியமாம், இறந்தவரை எழுப்பும் கண்ணாம். எழுத்துத் தெரியாத மேசன் "இது நான் வைத்த கல்" என்று கீறியது அது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

1982இல் நாம் திருத்தும்போது அந்தக் கோயில் சுவர் விழுந்துதான் என் தம்பி ஜூலியன் செத்தான். விழுந்த கல்லில் உன் குறியைக் கண்டு, செத்தவீட்டில் உன்னைக் கொலைகாரன் என்றேன். அது உன் பூட்டன் வைத்த கல், றிச்சர்ட். உங்கள் குடும்பக் குறி. என்னை மன்னித்துக்கொள்.

சூசைதாசன்

ஒஷாவா,
15 ஒக்டோபர் 2024

அன்புள்ள சூசை மாமா,

அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"அண்ணை, பூட்டன்ரை கல் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ஆனா சுவர் விழுறதுக்கு முதல்நாள் அந்தக் கல்லைத் தட்டிப் பாத்தனான். உள்ளுக்கை வெறுமையா, பொள்ளல் சத்தம்; கல் நிக்காது எண்டு விளங்கிச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதாலைதான் நீங்கள் ஏசேக்கை வாய் திறக்கேல்லை. இஞ்சை ஆரும் கதவு தட்டினாலும் எனக்கு அந்தச் சத்தம்தான். என்னட்டை மன்னிப்புக் கேக்காதேங்கோ."

இதைச் சொல்லிவிட்டு அப்பா இன்னும் சாப்பிடவில்லை.

எமில்டா

அஜின்கோர்ட்,
20 ஒக்டோபர் 2024

றிச்சர்ட்,

இதை நிரூபாவுக்குக் காட்டவில்லை. பிழைகள் இருக்கும். எமில்டா உனக்கு வாசிக்கட்டும்; அவளும் அறியட்டும்.

சுவர் விழுந்த அன்று காலை நானும் அந்தக் கல்லைத் தட்டினேன். அதே சத்தம். பிறகு பார்ப்போம் என்று ஜூலியனை ஏணியில் ஏற்றினேன். விழுந்த கல்லில் உன் குறியைக் கண்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

இதை இன்னொருவரைக் கொண்டு எழுதுவிக்க முடியாது. அதனால் நாற்பத்திரண்டு வருடம் எழுதவில்லை.

இப்போது மண்டபத்தைத் துடைக்கும்போது ஜூலியன் பின்னால் நிற்கிறான். ஈரத்தில் கால் வைக்காமல் ஒதுங்கி நிற்கிறான். அந்த வெள்ளைக்காரர் எழுதியது முழுப் பொய்யில்லை.

சாப்பிடு, றிச்சர்ட் தம்பி.

பெயர் எழுதத் தெரியும். ஆனாலும் கீழே என் குறியைக் கீறியிருக்கிறேன்: இரண்டு கோடு, குறுக்கே ஒன்று.

இது நான் வைத்த கல்.