அந்தோனியார் கோயிலில் வாய்ப்பாடு

2 ஜூலை 1979, திங்கள்

பழைய அந்தோனியார் கோயிலை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார் பங்குச்சாமி. மே மாதக் காற்றில் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை பள்ளத்தாக்கில் போய் விழுந்ததிலிருந்து பிள்ளைகள் மரத்தடியில் நனைகிறார்களாம். "புதுக்கோயில் கட்டுன பெறகு இது செவ்வாக்கிழமை மட்டுந்தான தொறக்குது, உபகாரம்? மத்த ஆறு நாளும் வவ்வாலுக்கா?" என்றார். கோயிலைக் கூட்டி மணியடிக்கிற கோயில்பிள்ளை உபகாரம் நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தோனியார் முன்னால் வாய்ப்பாடா?

3 ஜூலை

வாத்தியார் அமானுல்லா வந்துவிட்டார். வத்தலக்குண்டுக்காரர், குளிருக்குக் காதுவரை மப்ளர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சல்.

20 ஜூலை

என் மகள் லீமா, நாலாம் வகுப்பு. வீட்டில் செபமாலை சொல்லச் சொன்னால் இரண்டாம் மணியிலேயே தூங்குகிறவள். பள்ளிக்கூடத்தில் தினமும் அந்தோனியார் முன் முழங்காலில் நிற்கிறாள்! நானே எட்டிப் பார்த்தேன். கண் மூடி, கை கூப்பி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

12 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்ததும் சாமியிடம் சொல்லிவிட்டேன்: "லீமாவுக்குக் கன்னியர்மடத்து அழைப்பு இருக்கு சாமி." ஊரார் முன்னால் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். என் வீட்டுக்காரி கித்தேரியம்மாள் மட்டும், "நம்ம லீமாவா? நல்லாப் பாத்தீங்களா?" என்றாள். அவளுக்கு எதிலும் சந்தேகம்.

6 செப்டம்பர்

நாசமாய்ப் போயிற்று.

கோயில் கூட்டப் போனவன் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வாத்தியார் "பன்னிரண்டாம் வாய்ப்பாடு" என்றதுதான் தாமதம், லீமா எழுந்து போய் முழங்காலிட்டாள். பின்னாலேயே ஆறு பேர். செபம் பண்ணுகிறவர்களைக் கலைப்பது பாவம் என்று அந்த நல்ல மனிதர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் மெல்லிய குரலில் நடத்துகிறார். தமிழ்ப் பாடம் வந்ததும் பக்தி தீர்ந்துவிடுகிறது.

வாத்தியாரிடம் சொன்னால் சாமிக்குத் தெரியும். பிறகு ஊரே சிரிக்கும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன் — நானெல்லாம் ஒரு ஆளா?

10 அக்டோபர்

நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார். "கோயில்ல படிப்பு நடக்கலன்னு எழுதிட்டாருன்னா அங்கீகாரம் போயிருங்க. அப்புறம் கொடைக்கானலுக்குத்தான் நடக்கணும். பாதிப் புள்ளைக நின்னுரும்," என்றார் வாத்தியார்.

மூத்தவள் ஜோசப்பின் நாலாம் வகுப்போடு அப்படித்தான் நின்றாள். இப்போது தோட்டத்தில் கேரட் கழுவுகிறாள்.

11 அக்டோபர்

இன்ஸ்பெக்டர் கணக்குக் கேட்டார். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் முழங்காலில்! அவரும் மரியாதையாக எழுந்து நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வாத்தியாருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

இனி என்ன மானம்? பூசை மணியை எடுத்து அடித்தேன்.

"ஏலே, எந்திரிங்க! கோயில்பிள்ளை சொல்றேன், செபம் முடிஞ்சுபோச்சு. அந்தோனியாருக்கு வேற சோலி கெடக்கு! லீமா, பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்லு, வெரசா!"

முறைத்தாள். பிறகு சொன்னாள், கடகடவென்று, பன்னிரண்டு ஒன்பதில் மட்டும் ஒரு தடுக்கல். தினமும் கண்ணை மூடிக் கேட்டதிலேயே மனப்பாடமாகியிருக்கிறது. மற்றதுகளும் எழுந்து சொல்லின. இன்ஸ்பெக்டர் என்னவோ எழுதினார். இன்ஸ்பெக்டரோடு வந்து பின்னால் நின்ற சாமி சிரிப்பை அடக்க இருமிக்கொண்டே வெளியே போனார்.

மடத்துப் பேச்சு அவ்வளவுதான். எனக்கு வருத்தமே இல்லை.

9 ஜூன் 1980

அங்கீகாரம் வந்துவிட்டது, ஐந்தாம் வகுப்பும் சேர்த்து. இடம்தான் போதவில்லை. பீடத்தடியில் ஒரு வகுப்பை உட்கார வைக்கலாம், அங்கே நிற்கிற அந்தோனியார் சுரூபத்தை என்ன செய்ய என்று சாமி தாடையைத் தடவினார்.

"எங்க வீட்டுக்குக் கொண்டாந்துருங்க சாமி," என்றேன். யோசிக்கவே இல்லை.

ஆறு பேர் தூக்கி வந்தார்கள். அந்தோனியார் பூண்டு மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறார். கித்தேரியம்மாள் அடுப்படிக்குச் சுற்றிக்கொண்டு போகிறாள். கோயிலில் அவர் நின்ற இடத்தில் லீமா சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.