மண்ணெண்ணெய்க் காரும் குருசுமுத்துவும்

சரவணை,
11.3.1991

அன்பு மகன் குலசிங்கத்துக்கு,

நயினை அம்பாளின் துணையால் நீ அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சுகம். அப்பா எழுதிய போன இரண்டு கடிதத்திலும் என்னைப் பற்றி எழுதிய சுகம் பொய், அப்படி எழுதச் சொன்னதும் நான்தான், ஆனால் இந்த முறை அது உண்மை, அதனால்தான் நானே பேனையை எடுத்தேன். நீ ரொறன்ரோவில் பழைய கார் வாங்கியிருப்பதாகவும், எஞ்சினைத் திருத்த யாரை நம்பிக் கொடுப்பது என்றும் கேட்டு எழுதிய கடிதம் கொழும்பில் இரண்டு மாதம் சுணங்கிக் கிடந்து, போன கிழமைதான் கைக்கு வந்தது. அப்பாவைக் கேட்டிருக்கிறாய். என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

சண்டையால் பெற்றோல் வருவது நின்றதிலிருந்து நம் ஒஸ்ரின் கார் கொட்டிலில்தான் கிடந்தது, பின்சீற்றில் கோழி அடைகிடந்தது. ஊரில் கார் வைத்திருக்கிற எல்லோரும் எஞ்சினை மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். அப்பா மட்டும், தான் பார்த்துப் பார்த்து வைத்த எஞ்சினில் இன்னொருவன் கைவைக்க விடமாட்டேன் என்று இருந்தார். மார்கழிப் பனியில் எனக்குத் தொய்வு கடுமையாக வந்து மூச்சு இழுத்தது. வேலணை ஆஸ்பத்திரிக்கு மூன்று கட்டை தூரம், அப்பா என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி மிதித்துக்கொண்டு போனார். எதிர்க்காற்று. போய்ச் சேர்ந்தபோது என் நகமெல்லாம் நீலம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அப்பாவின் பிடிவாதம் இறங்கியது. உனக்கு மறைத்தது இதைத்தான், கோபியாதே.

சந்தியில் கராஜ் வைத்திருக்கிற தில்லைநாதன் எங்கள் சின்னையாவின் மகன் அல்லவா, அவனிடமே கொடுப்போம் என்று அப்பா நின்றார். அவனும், "அக்கா, ஒரு நாளிலை மாத்தித் தாறன், பெற்றோலிலை ஓடின மாதிரியே ஓடும்" என்றான். சரி, நீ மாற்றிய கார் ஒன்றில் என்னை ஏற்று என்றேன். மதகடி வருவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. முப்பது வருடம் குசினியில் மண்ணெண்ணெய் விளக்கோடு சீவித்தவளுக்கு, எண்ணெய் எரிகிறதா புகைகிறதா என்று மூக்கே சொல்லாதா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற காரே என்னைக் கொன்றுவிடும் என்று சொல்லி இறங்கினேன். சொந்தக்காரனை விட்டுவிட்டு வெளியாளிடம் போனால் நாளைக்கு நல்லது கெட்டதில் எப்படி முகம் பார்ப்பது என்று அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நானும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

பரராசசிங்கம் வாத்தியாரின் மொறிஸ் மைனர் காரில் ஒருநாள் வேலணைச் சந்தையிலிருந்து வந்தேன். படலையில் இறங்கும்போதுதான் வழி முழுக்க ஒரு இருமலும் இல்லாமல் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தது தெரிந்தது. யார் மாற்றியது என்று கேட்டேன். குருசுமுத்துவாம். மண்டைதீவில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தினவர், போன ஆவணியில் இடம்பெயர்ந்து வந்து வேலணையில் ஒரு பூவரச மரத்துக்குக் கீழே வேலை செய்கிறார். வள்ளத்து எஞ்சின் முன்பே மண்ணெண்ணெயில் ஓடுவது, அதன் குணமெல்லாம் அவருக்குத் தெரியும். பெயர்ப் பலகை கிடையாது. அப்பாவைச் சம்மதிக்க வைத்துக் காரை அவரிடம் கொண்டு போனோம். அவர் எடுத்த எடுப்பில் காரைத் தொடவில்லை. யார் ஏறுவது, எவ்வளவு தூரம், வழியில் எங்கெங்கே நிற்பீர்கள் என்று கேட்டார். காரைத் திருத்தச் சொன்னால் இவன் சாதகம் கேட்கிறான் என்று அப்பா முணுமுணுத்துவிட்டு, ஒரு இடத்திலும் நிற்பதில்லை என்று சொன்னார். பிறகு குருசுமுத்து, "அண்ணை, இழுவை குறையும், ஒயில் கெதியிலை பழுதாப்போகும், அடிக்கடி மாத்தவேணும், எஞ்சின்ரை ஆயுசும் குறையும். சம்மதமெண்டால் பத்து நாள் தாங்கோ" என்றார். பத்து நாளா என்று அப்பா வாயைப் பிளந்தார். எனக்கு அந்த இடத்திலேயே மனுசனைப் பிடித்துவிட்டது. குறையைச் சொல்லிவிட்டு வேலை தொடங்குகிற ஒருவரை நான் அன்றுதான் கண்டேன்.

பதினோராம் நாள் கார் வந்தது. மருந்துப் போத்தலிலிருந்து ஒரு மூடி பெற்றோல் விட்டுத்தான் கிளப்ப வேண்டும், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். போய்ச் சேரும்வரை எஞ்சினை நிறுத்தக்கூடாது என்று குருசுமுத்து இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். போன வியாழன் மத்தியானம் தொய்வு திரும்ப வந்தது. அப்பா என்னைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு பறந்தார். வழியில் வைரவர் கோயிலடியில் கார் நின்றது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டுத் திருநீறு பூசாமல் அவர் கடந்ததில்லை, கை தன்பாட்டில் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டது. பெற்றோல் போத்தல் குசினி யன்னலில். தள்ளிவிட ஒரு இறக்கமும் இல்லாத தரை, றோட்டில் ஒரு சனமில்லை. அப்பா வைரவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்குக் கதைக்க மூச்சு இல்லை மகன், உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அவர் அழுதுகொண்டே முன்பக்கத்தில் எஞ்சினைக் கிளப்புகிற கம்பியை விட்டுச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், பின்னேரம் எழும்பி இருந்து பிளேன்ரீ குடித்தேன்.

மறுநாள் அப்பா போய்க் குருசுமுத்துவிடம் தன் பிழையை ஒப்புக்கொண்டார். அந்த மனுசன் சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியும் அண்ணை. ஸ்ரியறிங்கிலை திருநீறு படிஞ்சு கிடந்தது. எங்கையோ இறங்கிக் கும்பிட்டிட்டு ஏறுறியள், அதை விடமாட்டியள் எண்டு விளங்கிச்சுது. நிண்டாலும் சூட்டோடை மண்ணெண்ணெயிலையே திரும்பப் பிடிக்கட்டும் எண்டுதான் எண்ணெய்க் குழாயைப் புகைக்குழாயோடை சுத்திவிட்டனான். அதுக்குத்தான் பத்து நாள் கேட்டனான்" என்றாராம். வீட்டுக்கு வந்து அப்பா இதை எனக்கு இரண்டு தரம் சொன்னார். நம் காரை மட்டுமல்ல, அதை ஓட்டுகிறவரையும் பார்த்து வேலை செய்திருக்கிறார். உன் எஞ்சினையும் அப்படிப்பட்ட ஒருவரிடம் கொடு, ஒரு நாளில் முடித்துத் தருகிறேன் என்பவனிடம் கொடாதே.

ஒயில் மாற்ற மறவாதே. குளிரில் நெஞ்சை மூடிக்கொள், என் தொய்வு உனக்கும் வரலாம். நீ தீர்க்காயுசோடு இருக்க வேண்டும். அப்பா இப்போதும் வைரவரடியில் நிற்கிறார், எஞ்சினை மட்டும் நிறுத்துவதில்லை. நான் காருக்குள் இருந்தபடி முதலில் உனக்காகவும் அடுத்ததாகக் குருசுமுத்துவின் பிள்ளைகளுக்காகவும் கும்பிடுகிறேன், வேதக்காரப் பிள்ளைகள் என்று வைரவர் பார்க்கமாட்டார்.

உன் சுகமே வேண்டும்
அம்மா
ப. சீதேவி